திறந்து பார்க்கத் தெரிந்த கைகள் வேண்டும்

2025 மே மாதக் கடைசியில் சினாப்சிஸ், கேடன்ஸ், சீமென்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் அமெரிக்க வணிகத் துறை ஒரு கட்டுப்பாடு விதித்தது. சிப் வடிவமைக்கும் மென்பொருளை அனுமதியில்லாமல் சீனாவுக்கு விற்கக் கூடாது என்பது உத்தரவு. ஜூலை முதல் வாரத்தில் தடை நீங்கிவிட்டது. நம் ஊர் நாளிதழ்களில் வணிகப் பக்கத்தைத் தாண்டாத செய்தி அது. ஆனால் அந்தச் சில வாரங்களுக்குள் ஓர் உண்மை பளிச்சென்று தெரிந்துபோனது. தொழிற்சாலை இருக்கலாம், பணம் இருக்கலாம், லட்சக்கணக்கில் பொறியாளர்களும் இருக்கலாம். வரைகிற கருவி இன்னொருவர் வசம் இருந்தால் ஒரே கையெழுத்தில் வேலை நின்றுபோகும்.

இந்தியா இதை 1980களிலேயே பட்டு அறிந்த நாடு. சக்தி வாய்ந்த கிரே சூப்பர் கம்ப்யூட்டரை நமக்கு விற்க அமெரிக்கா மறுத்த பிறகுதான் 1988-இல் புனேயில் சி-டாக் என்ற கணினி ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. 1991-இல் அதன் பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது. மறுக்கப்பட்டதைச் செய்துகாட்டுகிற ரோஷம் நமக்கு எப்போதும் உண்டு. மறுக்கப்படுவதற்கு முன்பே மாணவர்களைத் தயார் செய்துவைக்கிற பழக்கம்தான் குறைவு.

தமிழ்நாட்டுக்கு இதில் மற்ற மாநிலங்களைவிடப் பெரிய பங்கு இருக்கிறது. 2024-25 நிதியாண்டில் தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 1,465 கோடி டாலர். இந்தியாவின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சுற்றுவட்டாரத்தையும் ஓசூரையும் நம்பியிருக்கிறது. இந்தப் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பல்லாயிரம் பெண்களுக்கு முதல் சம்பளத்தைக் கொடுத்த தொழில் இது. ஆனால் அங்கே நடப்பதில் பெரும்பகுதி அசெம்பிளி. வரைபடம் வேறெங்கோ வரையப்படுகிறது, அதன்படி இங்கே பொருத்தப்படுகிறது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி உலகின் மிகப்பெரிய கைபேசி ஆலைகளில் ஒன்றாக வளர்ந்த நோக்கியா, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆர்டர் நின்றதும் ஆலை நின்றது. அங்கே வேலை செய்தவர்களின் கைத்திறன் எங்கும் போய்விடவில்லை. ஆனால் அவர்கள் பொருத்திய போனில் எந்த வடிவமைப்பும் அவர்களுக்கோ இந்த ஊருக்கோ சொந்தமாக இல்லை. அதனால் அந்தத் திறனை வைத்துக்கொண்டு அடுத்த நாள் வேறொன்றைச் செய்ய வழி இருக்கவில்லை.

நிலைத்து உழைக்கிற, யாரும் திறந்து படிக்கக்கூடிய, நமக்கே சொந்தமான மின்னணுவியலை வடிவமைக்க நம் மாணவர்களுக்கு யார், எப்படிக் கற்றுத்தருவது? இந்த வாரக் கட்டுரை அதைப் பற்றியது.

ஒரு வகுப்பிலிருந்து கிளம்பியது

சிப் வடிவமைப்பை வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர் லின் கான்வே. பொறியியல் படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். திருநங்கை. தன் பால் அடையாளத்தை வெளிப்படுத்தியதற்காக 1968-இல் ஐ.பி.எம். அவரை வேலையிலிருந்து நீக்கியது. 52 ஆண்டுகள் கழித்து 2020-இல்தான் மன்னிப்புக் கேட்டது. இடையில் அந்தப் பெண்மணி பெயரை மாற்றிக்கொண்டு, வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்கி, ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்தார். கால்டெக் பேராசிரியர் கார்வர் மீடுடன் சேர்ந்து, சிப் வடிவமைப்பை ஒரு சில நிறுவனங்களுக்குள் புழங்கும் தொழில் ரகசியம் என்ற நிலையிலிருந்து எவரும் கற்கக்கூடிய விதிகளாகச் சுருக்கினார். 1978-இல் எம்.ஐ.டி.யில் ஒரு பாடம் நடத்தினார். மாணவர்கள் பாதிப் பருவத்தில் விதிகளைப் படித்து, மீதிப் பருவத்தில் ஆளுக்கொரு சிப் வரைந்தார்கள். வரைந்தவை எல்லாவற்றையும் ஒரே வேஃபரில் அடுக்கி ஹியூலட் பேக்கர்ட் ஆய்வகத்தில் செய்து, அவரவர் சிப்பை அவரவர் கையில் கொடுத்தார்கள்.

குறைந்த எண்ணிக்கையில் சிப் செய்ய ஆகும் செலவில் பெரும்பகுதி அதற்கான அச்சுத் தகடுகளுக்குத்தான். ஷேர் ஆட்டோவில் பத்துப் பேர் வாடகையைப் பங்கிட்டுக்கொள்வதைப் போல, பல வடிவமைப்புகள் ஒரே தகட்டைப் பங்கிட்டால் மாணவருக்கும் கட்டுப்படியாகும். அடுத்த ஆண்டே பத்துக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களிலிருந்து 82 வடிவமைப்புகள் இப்படி ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, ஒரு மாதத்துக்குள் சிப்புகளாகத் திரும்பின. இன்று உலகம் முழுக்க மாணவர் சிப்புகள் செய்யப்படும் முறை அதுதான்.

அந்த வகுப்புகளின் வாரிசுதான் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1980களின் தொடக்கத்தில் டேவிட் பேட்டர்சனின் மாணவர்கள் செய்த ரிஸ்க்-1 புராசஸர். அதே வரிசையில் ஐந்தாவதாக 2010-இல் கிரஸ்தே அசனோவிச்சும் அவருடைய மாணவர்கள் ஆண்ட்ரூ வாட்டர்மன், யுன்சுப் லீ ஆகியோரும் பேட்டர்சனோடு சேர்ந்து தொடங்கியது ரிஸ்க்-ஃபைவ். ஒரு கோடை விடுமுறைக்குள் முடிக்கலாம் என்று எடுத்துக்கொண்ட வேலை அது. புராசஸர் எந்தெந்த ஆணைகளுக்குக் கீழ்ப்படியும் என்ற பட்டியலை அதற்கு முன்பு இன்டெல், ஆர்ம் போன்ற நிறுவனங்கள் தங்கள் சொத்தாக வைத்திருந்தன. அதைப் பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டும், அல்லது அனுமதியே கிடைக்காது. ரிஸ்க்-ஃபைவின் ஆணைப் பட்டியல் எல்லாருக்கும் பொது. அடிப்படைத் தொகுதியில் நாற்பது ஆணைகள்தான். ஒரு பருவத்தில் ஒரு மாணவரால் முழுதாகப் புரிந்துகொள்ள முடிகிற அளவு. எந்த ஒரு நாட்டின் கட்டுப்பாட்டிலும் சிக்கக் கூடாதென்று அதன் அமைப்பு 2020-இல் சுவிட்சர்லாந்துக்கு இடம் மாறியது.

கிண்டியில் விளைந்தது

2014-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் கணினி அறிவியல் துறையில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் ‘சக்தி’ திட்டம் தொடங்கியபோது, ரிஸ்க்-ஃபைவ் இன்னும் பெரிதாகப் பெயர் எடுத்திருக்கவில்லை. அந்த நேரத்தில் அதைத் தேர்ந்தெடுத்தது துணிச்சலான முடிவு. அதைவிட நான் மதிப்பது இன்னொரு முடிவை: எழுதியதை எல்லாம் பொதுவில் வைத்தார்கள். சக்தி புராசஸரின் மூலக் குறிப்புகளைத் திருநெல்வேலிக் கல்லூரி மாணவியும் இறக்கிப் படிக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

2018-இல் முதல் சிப் வந்தது. பெயர் ரைஸ்கிரீக். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் 300 சிப்புகள் செய்யப்பட்டன. அவற்றில் லினக்ஸ் ஓடியது. அதே ஆண்டு ரிமோ என்ற இரண்டாவது சிப் மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டரில் செய்யப்பட்டது. 2020-இல் மௌஷிக். 2025 பிப்ரவரியில் இஸ்ரோவும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து ஐரிஸ் என்ற சிப்பை அறிவித்தன. விண்கலக் கட்டுப்பாட்டுக்கு என்றே செய்தது அது. அந்தச் சிப் போன வழியைப் பாருங்கள். தேவையைச் சொன்னது திருவனந்தபுரத்தில் உள்ள இஸ்ரோ பிரிவு, வடிவமைத்தது சென்னை, சிலிக்கானாகச் செய்தது மொகாலி, உறையிட்டது கர்நாடகத்தில் டாடா நிறுவனம், அதற்கான போர்டைச் செய்தது குஜராத், போர்டில் பொருத்தியது மீண்டும் சென்னையில் சிர்மா நிறுவனம். ஓர் இடத்தில்கூட வெளிநாட்டு ஆலை இல்லை.

180 நானோமீட்டர் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. இன்றைய போன்களில் 3 நானோமீட்டர் சிப்புகள் இருக்கையில் இருபத்தைந்து வருடப் பழைய தொழில்நுட்பமா என்பார்கள். ராக்கெட்டுக்கும் ரயில் சிக்னலுக்கும் மின் மீட்டருக்கும் மிக நுண்ணிய சிப் தேவையில்லை; பெரிய டிரான்சிஸ்டர் கதிர்வீச்சையும் வெப்பத்தையும் நன்றாகவே தாங்கும். மாணவருக்கு அது இன்னும் நல்லது. எளிய தொழில்நுட்பத்தில் தவறு செய்தால் இழப்பு குறைவு, தவறு எங்கே நேர்ந்தது என்று தேடுவதும் எளிது. மொகாலி ஆலைக்குப் பின்னால் வலி மிகுந்த வரலாறும் உண்டு. 1984-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை 1989 பிப்ரவரியில் தீக்கிரையானது. மீண்டும் எழ எட்டு ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் தைவானும் கொரியாவும் நம்மைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டன. அதே ஆலைதான் இன்று கல்லூரி மாணவர்களின் வடிவமைப்புகளைச் சிப்பாக்கித் தருகிறது.

சக்தியின் பெரிய விளைச்சல் என்று நான் நினைப்பது சிப்புகளை அல்ல, அங்கே பழகி வெளியே வந்தவர்களை. இன்கோர் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் அந்தக் குழுவிலிருந்து வந்தவர்கள். ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த மைண்ட்குரோவ் 2024-இல் 28 நானோமீட்டரில் ஒரு சிப்பை வெளியிட்டது. ஒரு சிப் நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும். அதை முதல் கோட்டிலிருந்து வரைந்து, கையில் வாங்கி, ஓடாமல் போனபோது ஏன் ஓடவில்லை என்று இரவெல்லாம் தேடிய மாணவர் முப்பது வருடம் வேலை செய்வார்.

கருவியும் நம்முடையதா?

சக்தியிலேயே ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. அதன் மூலக் குறிப்புகள் புளூஸ்பெக் என்ற வன்பொருள் மொழியில் எழுதப்பட்டவை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த அர்விந்த் உருவாக்கிய அருமையான மொழி. ஆனால் 2020 ஜனவரி வரை அதன் கம்பைலர் திறந்த மூலமாக இல்லை. சக்தியின் குறிப்பு எல்லாருக்கும் திறந்திருந்தது. அதைச் சிப்பாக மாற்றத் தேவையான முதல் கருவி திறந்திருக்கவில்லை. 2020-இல் நிறுவனமே அதைத் திறந்துவிட்ட பிறகுதான், சென்னையில் எழுதிய புராசஸரை எந்த ஊர் மாணவரும் தன் மடிக்கணினியில் கம்பைல் செய்து பார்க்க முடிந்தது. திறப்பு என்பது முழுச் சங்கிலியிலும் இருக்க வேண்டும். ஒரு கண்ணி பூட்டியிருந்தாலும் மாணவர் வாசலிலேயே நிற்பார்.

ஒன்றிய அரசின் ‘சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்’ திட்டம் 85,000 பொறியாளர்களைப் பயிற்றுவிக்க இலக்கு வைத்திருக்கிறது. பெங்களூரு சி-டாக் வழியாகப் பெரிய நிறுவனங்களின் வடிவமைப்பு மென்பொருள் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குப் போகிறது. முன்பு ஐ.ஐ.டி.களுக்கு மட்டும் வாய்த்தது இப்போது மாவட்டத் தலைநகரக் கல்லூரிக்கும் வாய்க்கிறது. மனமாரப் பாராட்ட வேண்டிய வேலை. தொழிற்துறையில் வேலை கிடைக்க அந்தக் கருவிகள் தெரிந்தே ஆக வேண்டும், அதிலும் சந்தேகமில்லை. ஆனால் உரிமம் கல்லூரியுடையது. படிப்பு முடிந்த மறுநாள் மாணவரின் கையில் பட்டம் இருக்கும், கருவி இருக்காது. தான் வரைந்த சிப்பின் கோப்பைக்கூட வீட்டில் திறந்து பார்க்க முடியாது. மேலே சொன்ன மே மாத உத்தரவு நாளை நம் திசையில் திரும்பினால், 85,000 பேரும் சேர்ந்து காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. அந்த மாற்றுகளில் பலவும் வகுப்பறைகளில் பிறந்தவை. சர்க்யூட் எப்படி வேலை செய்யும் என்று கணித்துச் சொல்லும் ஸ்பைஸ், பெர்க்லியில் ஒரு வகுப்பு வேலையிலிருந்து வளர்ந்து 1973-இல் வெளியானது. பேராசிரியர் டொனால்ட் பெடர்சன் அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பி.சி.பி. எனப்படும் சர்க்யூட் போர்டை வரையும் கைகேட் மென்பொருளை 1992-இல் எழுதத் தொடங்கியவர் பிரான்சின் கிரனோபிள் நகரில் கல்லூரி ஆசிரியராக இருந்த ழான் பியர் ஷரா. பின்னாளில் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் தன் பொறியாளர்களை அதில் இறக்கி அதைத் தொழில்முறைக் கருவியாக வளர்த்தது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டம் இவற்றையெல்லாம் கோத்து ஈசிம் என்ற இலவச மென்பொருளைத் தந்திருக்கிறது. இதன் பயிற்சிப் பாடங்கள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எதிர்ப்பக்கம் ஈகிள் என்ற மென்பொருளின் கதை. ஒரு தலைமுறை மாணவர்கள் பி.சி.பி. வரையக் கற்றது அதில்தான். 2016-இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. 2023-இல், 2026 ஜூன் 7-ஆம் தேதியோடு ஈகிளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. நேற்றுவரை கற்பித்த ஆசிரியர்களும் சேர்த்துவைத்த கோப்புகளும் ஓர் அறிவிப்பில் அநாதையாக வேண்டியிருந்தது. பலரைக் காப்பாற்றியது, ஈகிள் கோப்புகளைத் திறந்து படிக்கக் கைகேட்டில் இருந்த வசதி.

கருவிகளைப் போலவே, சிப் செய்யும் ஆலைகளின் விதிப்புத்தகமும் நெடுங்காலம் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. ஆசிரியருக்குத் தெரிந்தாலும் கரும்பலகையில் எழுதக் கூடாது. 2020-இல் கூகுளும் அமெரிக்காவின் ஸ்கைவாட்டர் ஆலையும் சேர்ந்து 130 நானோமீட்டர் விதிப்புத்தகத்தை முதன்முறையாகப் பொதுவில் வைத்தன. ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் அன் டெர் ஓடர் நகரில் உள்ள ஐ.எச்.பி. ஆய்வு நிறுவனமும் தன்னுடையதைத் திறந்தது. இந்த வாசல் திறந்ததால் நடந்தவை ஏராளம். மாட் வென் என்பவர் 2022-இல் தொடங்கிய டைனி டேப்அவுட் முயற்சியில் பள்ளி மாணவர்கள்கூட சில நூறு டாலருக்குள் தாங்கள் வரைந்த சிறு சர்க்யூட்டை உண்மையான சிலிக்கானில் பார்த்தார்கள். ஜூரிக் இ.டி.எச். பல்கலைக்கழகக் குழு 2024-இல் பாசிலிஸ்க் என்ற சிப்பை முழுக்கத் திறந்த கருவிகளாலேயே ஐ.எச்.பி. விதிகளில் வடித்துக்காட்டியது, லினக்ஸ் ஓடக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் சிப் அது.

இடியும் விழுந்தது. மாணவர் சிப்புகளை ஒருங்கிணைத்து ஸ்கைவாட்டருக்கு அனுப்பிவந்த ஈஃபேப்ளஸ் நிறுவனம் 2025 மார்ச் வாக்கில் நிதியில்லாமல் மூடப்பட்டது. பணம் கட்டி, வடிவமைப்பை அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். ஆனால் விதிப்புத்தகமும் கருவிகளும் மூலக் குறிப்புகளும் அந்த நிறுவனத்தோடு மூழ்கவில்லை. டைனி டேப்அவுட் ஜெர்மன் ஆலைப் பக்கம் திரும்பித் தொடர்ந்து நடக்கிறது. நிறுவனங்கள் மூடப்படும், விற்கப்படும். மாணவர்கள் விரும்பிப் பயன்படுத்தும் ஆர்டுயினோ பலகையைச் செய்யும் நிறுவனத்தைக்கூடக் குவால்காம் வாங்குவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. பலகையின் வரைபடம் 2005-இலிருந்தே பொதுவில் இருப்பதால், சென்னை ரிச்சி தெருவில் விற்கும் ஆர்டுயினோ நகல்கள் அந்த அறிவிப்பால் ஒருநாளும் நிற்கப்போவதில்லை.

குப்பையும் வடிவமைப்பில்தான் தொடங்குகிறது

2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையைக் கொட்டியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். இந்தியாவின் பங்கு சுமார் 41 லட்சம் டன். டெல்லியின் சீலம்பூரிலும் உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத்திலும் போர்டுகளை எரித்தும் அமிலத்தில் முக்கியும் தாமிரமும் தங்கமும் எடுக்கிறார்கள். அதைச் செய்பவர்களைக் குற்றவாளிகள் போலப் பேசும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஒட்டுப்பசையால் மூடி, ஸ்குரூ வைக்காமல், எதில் என்ன உலோகம் என்று சொல்லாமல் வடிவமைத்தவர் எங்கோ ஏ.சி. அறையில் இருக்கிறார், புகையைச் சுவாசிக்கும் சிறுவன் மட்டும் படத்தில் இருக்கிறான்.

ஒரு போனின் வாழ்நாள் கரிம உமிழ்வில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது என்பதை ஆப்பிள் நிறுவனத்தின் சொந்த அறிக்கைகளே காட்டுகின்றன. அதாவது, நாம் சார்ஜ் போடும் மின்சாரத்தைக் குறைப்பதைவிட, போனை இன்னும் மூன்று வருடம் வைத்திருப்பது பலமடங்கு பயன் தரும். தண்ணீரும் அப்படியே. 2021-இல் தைவானில் அரை நூற்றாண்டில் காணாத வறட்சி வந்தபோது வயல்களுக்குப் பாசன நீர் நிறுத்தப்பட்டது. சிப் ஆலைகளுக்கு லாரிகளில் தண்ணீர் போனது. காவிரிப் பாசனத்தில் வாழ்கிறவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சிப்புக்குள்ளும் ஒரு வயலின் தண்ணீர்ப் பங்கு இருக்கும்போது, அந்தச் சிப்பை இரண்டு வருடத்தில் தூக்கி எறிகிற மாதிரி பொருளை வடிவமைப்பது அநியாயம்.

ஐரோப்பா சட்டத்தால் இதைக் கட்டத் தொடங்கிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் புதிய போன் வகைகளுக்கு உதிரிபாகங்கள் ஏழு ஆண்டுகள் கிடைக்க வேண்டும். 2027 பிப்ரவரி முதல், பயன்படுத்துபவரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். இந்தியாவிலும் நுகர்வோர் துறை அமைத்த குழு, ஒவ்வொரு கைபேசிக்கும் ‘எந்த அளவுக்குப் பழுதுபார்க்க முடியும்’ என்று மதிப்பெண் போட வேண்டுமென 2025 மே மாதம் பரிந்துரைத்திருக்கிறது. ஃபேர்ஃபோன் என்ற கைபேசி நிறுவனம் 2013 முதல் இதைத் தானாகவே செய்துவருகிறது. அதன் போனை ஒரு ஸ்குரூடிரைவரால் பிரித்து ஸ்கிரீனை மாற்றிவிடலாம்.

சட்டம் வந்தால் அதன்படி வரையத் தெரிந்தவர்கள் வேண்டுமே. அவர்களை எங்கே பயிற்றுவிக்கிறோம்?

ஆய்வகத்தில் என்ன மாற வேண்டும்

நம் பொறியியல் கல்லூரிகளில் கடைசி வருட புராஜெக்ட் எப்படி வருகிறது என்பது ஊரறிந்த விஷயம். ரிச்சி தெருவைச் சுற்றியும் மாவட்ட நகரங்களின் பேருந்து நிலையங்களைச் சுற்றியும் உள்ள புராஜெக்ட் சென்டர்களில் விலைக்கு வாங்கி, விளக்கம் மனப்பாடம் செய்து, வைவாவில் ஒப்பிக்கிறார்கள். மாணவர்களைத் திட்டி என்ன பயன்? நான்கு வருடத்தில் ஒருமுறைகூட ஒரு பொருளை முழுதாக வடிவமைக்கச் சொல்லாமல், கடைசியில் திடீரென்று கேட்டால் கடைக்குத்தான் போவார்கள். கிட்டில் வந்த வயர்களைச் செருகி விளக்கு எரிந்தால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழுகிறது. பல ஆய்வகங்களில் இன்னும் 60/40 ஈயச் சால்டர்தான் புகைகிறது. மூக்குக்கு நேராக ஈயத்தை உருக்க வைத்துக்கொண்டு சுற்றுச்சூழல் அறிவியல் தாளில் தேர்வு எழுதச் சொல்கிறோம்.

முதல் பருவத்திலேயே பழுதான ஒன்றைக் கொடுங்கள். ஒரு ரேடியோ, எல்.இ.டி. பல்பு, மிக்சி, பழைய போன். பிரித்து, எங்கே செத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சரிசெய்ய முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஏன் முடியவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். ஒட்டுப்பசையா, பெயர் அழித்த ஐ.சி.யா, கிடைக்காத உதிரிபாகமா? இந்த ஒரு பக்கத்தை எழுதிய மாணவர் பின்னாளில் தானே அந்தத் தவறுகளைச் செய்ய மாட்டார்.

இதைக் கற்றுத்தர வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டாம். சென்னை ரிச்சி தெருவிலும் மதுரை, கோவைக் கடைவீதிகளிலும் ஹாட் ஏர் கன்னால் ஐ.சி.யைத் தூக்கி, மைக்ரோஸ்கோப்பின் கீழே முடியளவு கம்பியை ஒட்டி ‘டெட்’ போர்டுக்கு உயிர் கொடுக்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். எந்த மாடலில் எந்தக் கெபாசிட்டர் முதலில் ஷார்ட் ஆகும், எந்த கம்பெனி டிஸ்பிளே காம்போவை வேண்டுமென்றே பூட்டிவைத்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வடிவமைப்பின் குறைகளை இவர்களைவிட நன்றாக அறிந்தவர் எந்தக் கல்லூரியிலும் இல்லை. பருவத்துக்கு நான்கு வகுப்பு அவர்களை அழைத்து, கௌரவமான மதிப்பூதியம் கொடுத்துப் பேச வைப்பது ஒரு முதல்வர் மனது வைத்தால் நடக்கும் காரியம்.

இரண்டாம் வருடம் போர்டு. கைகேட்டில் வரைந்து, உள்ளூரில் அச்சடித்து, கையால் சால்டர் செய்து ஓட்ட வேண்டும். மதிப்பெண்ணில் பாதியை, இன்னொரு குழு அந்தப் போர்டைப் பழுதுபார்ப்பதற்கு ஒதுக்கலாம். ஆசிரியர் ஒரு பாகத்தைக் கெடுத்துக் கொடுப்பார். வரைந்தவர்கள் வாயே திறக்கக் கூடாது. விட்டுச்சென்ற வரைபடத்தையும் குறிப்பையும் மட்டும் வைத்து அடுத்த குழு கண்டுபிடிக்க வேண்டும். அளந்து பார்க்கும் புள்ளிகளுக்குப் பெயரிடாதவர், வரைபடத்தை ஒழுங்காக எழுதாதவர் அங்கே மாட்டிக்கொள்வார். உதிரிபாகப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது நிறுவனத்தின் மாற்றுப் பாகத்தையும் எழுத வேண்டும். 2021-இல் சில சிப்புகள் கிடைக்காமல் உலகெங்கும் கார் ஆலைகள் மாதக்கணக்கில் திணறியதைப் பார்த்தவர்கள் நாம்.

மூன்றாம் வருடம் சக்தியை, விரும்பியபடி மாற்றியமைக்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சிப்பில் ஏற்றி, அதன் மூலக் குறிப்பில் ஓர் ஆணையைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். நான்காம் வருடம் திறந்த விதிப்புத்தகத்தில் ஒரு சிறு சிப். எல்லா மாணவருக்கும் இது முடியாது, ஒப்புக்கொள்கிறேன். துறைக்கு ஐந்து பேர் செய்தால் மற்றவர்கள் பார்த்துக் கற்பார்கள். சிப் திரும்பி வர மாதங்கள் ஆகும் என்பதால் மூன்றாம் வருடக் கடைசியிலேயே வரைபடம் போய்விட வேண்டும். இந்த ஒரு காரணத்தாலேயே பல கல்லூரிகளில் சிப் திட்டங்கள் பாதியில் நிற்கின்றன. பல்கலைக்கழகங்கள் பருவ அட்டவணையைச் சற்று நெகிழ்த்தினால் போதும்.

பக்கத்து மாநிலம் பள்ளியிலேயே தொடங்கிவிட்டது. கேரளம் 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 4.3 லட்சம் பேருக்கும் ரோபாட்டிக்ஸைப் பாடத்தில் சேர்த்து, ஆர்டுயினோ அடங்கிய கிட்டுகளைப் பள்ளிகளுக்குத் தந்திருக்கிறது. அங்கே பள்ளிக் கணினிகள் வருடக்கணக்காகத் திறந்த மூல மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்ததால்தான் இந்த அடுத்த அடி எளிதானது. தமிழ்நாடு 2025-26 நிதிநிலை அறிக்கையில் செமிகண்டக்டர் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் அறிவித்திருக்கிறது. ஆலைகளை ஈர்ப்பதற்கும் சோதனை வசதிகளுக்கும் அது போகட்டும். அதில் ஒரு சிறு பங்கை அரசுப் பொறியியல் கல்லூரிகளின், பாலிடெக்னிக்குகளின் மாணவர் சிப்புகளுக்கும் போர்டுகளுக்கும் என்று தனியே ஒதுக்க வேண்டும். அரசுப் பணத்தில் வரையப்பட்ட ஒவ்வொரு சிப்பும், ஒவ்வொரு போர்டும் மூலக் குறிப்போடு பொதுவில் வைக்கப்பட வேண்டும் என்பதை நிபந்தனையாகவே விதிக்கலாம். ஒரு வருட மாணவர் செய்ததின் மேல் அடுத்த வருட மாணவர் கட்டுவதற்கு வேறு வழியில்லை.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் மாறட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆய்வகத்தில் உங்களுக்கு இருக்கும் சுதந்திரமே போதும். மாணவர்களுக்கும் ஒன்று. கைகேட், ஈசிம், சக்தியின் மூலக் குறிப்பு, ஐ.எச்.பி. விதிப்புத்தகம் நான்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, நான்கையும் பயன்படுத்த ஒரு சாதாரண மடிக்கணினி போதும். இந்த விடுமுறையில் தொடங்குங்கள். செய்ததை மறைக்காமல் பொதுவில் போடுங்கள், கூடவே எங்கே தவறியது என்பதையும் தமிழில் எழுதிவையுங்கள். உங்களுக்கு அடுத்து வருகிறவருக்கு அது வேண்டும்.